தம்பியின் முழங்காலுக்கு ஒப்பரேஷன் வேண்டுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி தன் தம்பியைப் பற்றிக் கேட்டிருக்கிறார். 23 வயது. ஏழு வாரத்துக்கு முன் புட்சல் (சின்ன மைதானத்தில் ஆடும் உதைபந்தாட்டம்) விளையாடும்போது, ஓடி வந்து சட்டென்று திரும்பியதில் முழங்காலுக்குள் "டக்" என்று ஒரு சத்தம். இரவாவதற்குள் கால் வீங்கிவிட்டது. இப்போது வீக்கம் வடிந்து, சாதாரணமாக நடக்கிறார். ஆனால் இரண்டு தடவை முழங்கால் விலகிப் போயிருக்கிறது. அதில் ஒன்று காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸிலிருந்து இறங்கும்போது. எம்.ஆர்.ஐ. ஸ்கான் அறிக்கையில் ஏ.சி.எல். (முழங்காலின் நடுவில் எலும்புகளைப் பிடித்து வைக்கும் வடம்) முழுதாகக் கிழிந்திருக்கிறது, உள்பக்க மெனிஸ்கஸிலும் (எலும்புகளுக்கு நடுவே கிடக்கும் மெத்தை) கிழிவு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். சனல் பண்ணிப் (தனியாரில் பதிந்து) பார்த்த முதல் டொக்டர் ஒப்பரேஷன் என்றார். இரண்டாமவர் முதலில் பயிற்சி என்றார். மாமா, ஊருக்குக் கூட்டிப்போய் மூலிகைப் புக்கை வைத்துக் கட்டினால் ஒட்டிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, தொடையிலிருந்து நரம்பை எடுத்து வைப்பார்களாமே, எடுத்த இடம் பழுதாகாதா, திரும்ப விளையாடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் கொழும்பில் 18 வருடமாக பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். ஒப்பரேஷன் செய்கிற ஆள் அல்ல. அது முடிந்த மறுநாளிலிருந்து ஒன்பது பத்து மாதம் கூடவே இருக்கிற ஆள். தம்பியின் காலைத் தொட்டுப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது ஸ்கான் அறிக்கை அல்ல, அந்த பஸ் சம்பவம்தான். ஏ.சி.எல். கிழிந்தும் வருடக்கணக்காக ஒரு கரைச்சலும் இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. உங்கள் தம்பிக்கு, விளையாட்டில் அல்ல, பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே கால் விலகுகிறது. மெனிஸ்கஸும் கிழிந்திருக்கிறது. வயது 23, திரும்ப விளையாட ஆசை. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நான் ஒப்பரேஷன் பக்கம்தான் சாய்வேன். ஆனால் அடுத்த கிழமையே அல்ல. நாலு முதல் ஆறு வாரம் முறையாகப் பயிற்சி செய்து, காலைத் தயார் பண்ணிய பிறகு. ஆகவே உங்கள் இரண்டு டொக்டர்களும் ஒருவருக்கொருவர் எதிராகப் பேசவில்லை. ஒருவர் போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்லியிருக்கிறார், மற்றவர் போகிற வழியை.

முதலில் சொற்களை நேராக்கிக் கொள்வோம், ஏனென்றால் பாதிப் பயம் அங்கிருந்துதான் வருகிறது. எங்கள் ஆட்கள் முழங்காலுக்குள் இருக்கிற எல்லாவற்றையும் "சவ்வு" என்பார்கள். இழுத்துப் பிடிக்கிற எல்லாவற்றையும் "நரம்பு" என்பார்கள். போன வருடம் ஓர் அம்மா, "மகனுக்கு நரம்பை வெட்டி எடுக்கப் போகினமாம், கால் விளங்காமல் போகாதோ?" என்று என் முன்னால் அழுதார். அவர் பயந்ததில் தப்பே இல்லை. நரம்பை வெட்டினால் விளங்காமல்தான் போகும். ஆனால் வெட்டப்போவது நரம்பை அல்ல. எலும்பையும் எலும்பையும் கட்டுவது லிகமென்ட். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண், அதாவது டென்டன். உணர்ச்சியையும் கட்டளையையும் கொண்டு செல்வதுதான் நரம்பு. மெனிஸ்கஸ் என்பது தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் கிடக்கும் மெத்தை. கிழிந்தது ஒரு லிகமென்ட். அதற்குப் பதிலாக வைக்கப்போவது ஒரு டென்டன். நரம்பு இதில் வரவே இல்லை. (ஓரிடத்தில் வருகிறது, பிறகு சொல்கிறேன்.)

ஏ.சி.எல். மூன்று சென்ரிமீற்றரை ஒட்டிய நீளமுள்ள சின்ன வடம். முழங்காலின் நடுவில், பின்னால் இருக்கிற இன்னொரு வடத்தோடு குறுக்காகப் போகும். அதனால்தான் குறுக்கு லிகமென்ட் என்று பெயர். கணைக்கால் எலும்பு முன்னால் வழுக்காமலும் உள்ளே திருகாமலும் பிடித்து வைப்பது அதன் வேலை. நேராக நடப்பதற்கு அது அவ்வளவு தேவைப்படாது. அதுதான் தம்பி சும்மா நடக்கிறார். ஊன்றிய காலின் மேல் உடம்பு திரும்பும்போதுதான் அதன் இல்லாமை தெரியும். ஓடுகிற பஸ்ஸின் மிதிபலகையிலிருந்து ஒரு காலை ரோட்டில் வைத்து, உடம்பைத் திருப்பி இறங்குகிறோமே, அது கிட்டத்தட்ட புட்சலில் திரும்புகிற அதே அசைவு. கொண்டக்டர் "பஹின்ன, பஹின்ன" (இறங்குங்கள், இறங்குங்கள்) என்று அவசரப்படுத்தினால் இன்னும் மோசம். ஒப்பரேஷன் செய்கிறாரோ இல்லையோ, இப்போதைக்குத் தம்பியை பஸ் முழுதாக நின்ற பிறகு, நல்ல காலை முதலில் வைக்காமல், கம்பியைப் பிடித்து நோகிற காலை முதலில் இறக்கச் சொல்லுங்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகிற கால் முதலில், மாடிப்படிக்கும் இதுவே.

சரி, கிழிந்த லிகமென்டைத் தைத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். தைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1895இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ரொப்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் குறுக்கு லிகமென்ட்களைத் தைத்தார். அந்த ஆள் வேலைக்கே திரும்பினார். பிறகு பல பத்து வருடம் தைக்கிற முறை ஓடியது. 1976இல் அமெரிக்காவின் வெஸ்ட் பொயின்ட் இராணுவக் கல்லூரியில் இப்படித் தைத்தவர்களை ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதுதான் பெரும்பாலானவர்களின் முழங்கால் மறுபடி தளர்ந்திருப்பது தெரிந்தது. காரணம், மூட்டுக்குள் இருக்கிற திரவம். கையில் வெட்டுப்பட்டால் இரத்தம் உறைந்து, அந்தப் பொருக்கின் மேல் புதுத்தசை வளருகிறது. முழங்காலுக்குள் அந்த உறைவு தங்குவதில்லை. மூட்டுத்திரவம் அதைக் கரைத்துவிடுகிறது. அறுந்த இரண்டு முனைக்கும் நடுவே ஏறி வளர ஒரு கொழுகொம்பு கிடைப்பதில்லை. அதனால் இன்றைக்குப் பெரும்பாலும் தைப்பதில்லை; வேறிடத்திலிருந்து டென்டனை எடுத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள்.

மாமாவின் புக்கை விஷயத்துக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. முறிவு நெரிவு வைத்தியத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். சுளுக்குக்கும் தசைப்பிடிப்புக்கும் அந்த எண்ணெயும் கட்டும் இதமாக இருப்பதை வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் ஏ.சி.எல். வீக்கம் ஒன்றும் செய்யாமல் விட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாகவே வடிந்துவிடும். அந்த நேரத்தில் யார் என்ன கட்டினாலும் பெயர் அவருக்குத்தான். வலி போனது, நடக்கிறான், ஆகவே ஒட்டிவிட்டது என்று நினைத்து மூன்றாம் மாதம் கிரவுண்டுக்குப் போய், மெனிஸ்கஸையும் கிழித்துக்கொண்டு என்னிடம் வந்தவர்களை எண்ணிக்கையே வைக்கவில்லை. நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஏ.சி.எல். ஒருபோதும் தானாக ஒட்டாது என்று நாங்கள் அடித்துச் சொல்லி வந்ததும் முழுச் சரியல்ல. சிலருக்கு முனைகள் திரும்பச் சேர்ந்திருப்பது அண்மை வருடங்களில் எடுத்த ஸ்கான்களில் தெரிய வந்திருக்கிறது. காயப்பட்ட முதல் சில வாரத்துக்குள் முழங்காலைத் தொண்ணூறு பாகையில் மடக்கி பிரேஸ் போட்டு வைக்கும் ஒரு முறையை அவுஸ்திரேலியாவில் செய்து பார்க்கிறார்கள். உங்கள் தம்பிக்கு ஏழு வாரம் கடந்து, கால் விலகவும் தொடங்கிவிட்டது. அந்த வழி அவருக்கு இல்லை.

பயிற்சி மட்டும் போதுமா என்பது நல்ல கேள்வி. சுவீடனில் இதை ஒழுங்காகச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். ஏ.சி.எல். புதிதாகக் கிழிந்த, ஓடியாடித் திரிகிற 121 இளம் ஆட்கள். ஒரு பகுதியினருக்கு உடனே ஒப்பரேஷன். மற்றப் பகுதியினருக்கு முதலில் பயிற்சி. கால் விலகிக்கொண்டே இருந்தால் பிறகு ஒப்பரேஷன். இரண்டு வருடம் கழித்து வலியிலும் அன்றாட இயக்கத்திலும் இரண்டு பகுதிக்கும் வித்தியாசமில்லை. பயிற்சியோடு தொடங்கிய 59 பேரில், ஐந்து வருடத்துக்குள் 30 பேர் ஒப்பரேஷனுக்குப் போயிருந்தார்கள். இதை ஒப்பரேஷன் வேண்டாம் என்பவர்கள் ஒரு மாதிரியும் வேண்டும் என்பவர்கள் இன்னொரு மாதிரியும் வாசிப்பார்கள். நான் வாசிப்பது இப்படி: பாதிப்பேருக்கு வெட்டுத் தேவைப்படவில்லை, காத்திருந்ததால் மற்றப் பாதிக்கும் பெரிய நட்டமில்லை. ஆனால் பிரித்தானியாவில் 316 பேரோடு நடந்து 2022இல் வந்த ஆய்வு வேறு வகை ஆட்களைப் பார்த்தது: காயம் பழசாகி, கால் விலகிக்கொண்டே இருப்பவர்கள். அவர்களுக்கு ஒப்பரேஷன் செய்தது கூடுதல் பலன் தந்தது. உங்கள் தம்பி மெல்ல மெல்ல இந்த இரண்டாவது கூட்டத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறார்.

மெனிஸ்கஸ்தான் என்னை அவசரப்படுத்துவது. ஒவ்வொரு முறை கால் விலகும்போதும் அந்த மெத்தை நசிகிறது. இன்று தைக்கக்கூடிய கிழிவு, ஆறு மாதத்தில் வெட்டி எறிய மட்டுமே முடிகிற கிழிவாக மாறலாம். மெத்தை குறைந்த முழங்காலுக்கு மூட்டுத்தேய்வு வேளைக்கே வரும். அதனால் அடுத்த முறை டொக்டரைப் பார்க்கும்போது, "இந்த மெனிஸ்கஸ் தைக்கக்கூடியதா?" என்று கட்டாயம் கேளுங்கள். முழங்கால் ஒரு நிலையில் பூட்டுப்போட்ட மாதிரி சிக்கி, நீட்டவே முடியாமல் போனால், கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் அன்றே காட்டுங்கள்.

எங்கிருந்து எடுப்பார்கள் என்ற கதைக்கு வருவோம். இங்கே பெரும்பாலும் எடுப்பது தொடையின் பின்பக்கத் தசைகளின் டென்டனை. இரண்டு தசை; அவற்றின் நுனிகள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கணைக்காலின் உள்பக்கத்தில் வந்து ஒட்டியிருக்கும். தம்பியைக் கதிரையில் இருத்தி, குதிக்காலைத் தரையில் அழுத்திப் பின்னுக்கு இழுக்கச் சொல்லுங்கள். முழங்காலுக்குப் பின்னால் உள்பக்கமாக உங்கள் விரலை வைத்தால் கயிறு மாதிரி ஒன்று புடைக்கும். அதுதான். கணைக்காலில் மூன்று சென்ரிமீற்றர் அளவில் ஒரு வெட்டுப்போட்டு, அந்த நுனியைப் பிடித்து, குழாய் போன்ற கருவியால் மேல்நோக்கி உரித்து எடுப்பார்கள். எடுத்ததைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள்: வெள்ளை நாடா, ஒரு சாண் அளவையும் தாண்டும். அதைத் துப்புரவாக்கி, நாலாக மடித்து, நுனிகளைத் தைத்து, இழுத்துக் கட்டி வைத்தால் விரல் தடிப்பில் ஒரு வடம். எட்டு மில்லிமீற்றராவது தடிப்பு இருந்தால் நல்லது என்பது பொதுவான அளவுகோல். அதற்குக் கீழே போனால் திரும்ப அறுகிற வாய்ப்புக் கூடுகிறது.

எடுத்த இடம் பழுதாகாதா? முதல் இரண்டு மாதம் தொடையின் பின்பக்கம் பிடிக்கும், இழுக்கும். சிலருக்கு வேகமாக நடக்கும்போது "சுரீர்" என்று ஒரு பிடிப்பு வரும். பல பேருக்கு அந்த டென்டன் அதன் பழைய பாதையிலேயே திரும்ப முளைத்து வருகிறது. உடம்பு செய்கிற இந்த வேலையை முதலில் கேட்டபோது நானும் நம்பவில்லை. முழங்காலை மிக ஆழமாக மடக்குகிற பலத்தில் மட்டும் கொஞ்சம் குறைவு மிஞ்சலாம். அன்றாட வாழ்க்கையில் அது தெரியவராது.

வேறு இடங்களும் உண்டு. முழங்கால் சிரட்டைக்குக் கீழேயுள்ள டென்டனை இரண்டு பக்கமும் சின்ன எலும்புத் துண்டோடு எடுப்பது பழைய, மிக உறுதியான முறை. எலும்பு எலும்போடு சீக்கிரம் ஒட்டும். ஆனால் முழந்தாளிட்டால் நோகும். இதை நான் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் முழந்தாளில் நிற்கிறவருக்கும், ஐந்து நேரம் தொழுகிறவருக்கும், தரையில் முட்டிபோட்டு டைல்ஸ் பதிக்கிறவருக்கும் அந்த நோவு வாழ்நாள் விஷயம். டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டும். சிரட்டைக்கு மேலேயுள்ள டென்டனையும், கணுக்காலின் வெளிப்பக்கத்து டென்டனையும் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இதில் எது சிறந்தது என்று சண்டை பிடிப்பதை விட, உங்கள் டொக்டருக்கு எது கைப்பழக்கமோ அதைச் செய்யவிடுவது நல்லது.

ஒப்பரேஷன் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்க வைத்துச் செய்வார்கள். ஒன்று ஒன்றரை மணித்தியாலம். மெனிஸ்கஸைத் தைத்தால் இன்னும் கொஞ்சம். சின்னத் துளைகள் வழியே கமராவை விட்டுப் பார்த்து, தொடை எலும்பிலும் கணைக்கால் எலும்பிலும் சுரங்கம் துளைத்து, வடத்தை அதன் வழியே இழுத்து, மேலே பொத்தான் போன்ற சின்ன உலோகத் துண்டாலும் கீழே ஸ்குரூவாலும் இறுக்குவார்கள். பொத்தானைக் கழற்ற வேண்டி வருமா என்று எல்லோரும் கேட்பார்கள். பொதுவாக வராது, உள்ளேயே கிடக்கும். நரம்பு ஓரிடத்தில் வருகிறது என்றேனே, இதுதான் அந்த இடம்: கணைக்காலின் முன்பக்கத் தோலுக்குப் போகிற மெல்லிய ஒரு நரம்புக் கிளை அந்த வெட்டில் பாதிக்கப்படலாம். உள்ளங்கை அளவுத் தோல் மரத்துப்போன மாதிரி இருக்கும். காலப்போக்கில் சுருங்கும், சிலருக்குக் கொஞ்சம் மிஞ்சும். நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கிருமித்தொற்று வருவது அரிது, நூற்றில் ஒருவருக்கும் குறைவு. வந்தால் விளையாட்டல்ல. காய்ச்சல், நாளுக்கு நாள் கூடுகிற வீக்கமும் சூடும், காயத்தில் நீர் கசிதல், கெண்டைக்காலில் கல் மாதிரி இறுகிய நோவு, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் அன்றிரவே வைத்தியசாலை. "காலையில் பார்ப்போம்" என்று இருக்கக் கூடாது.

இனி என் பகுதி. எந்தக் கதையைச் சொன்னாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பெடியன் ஒருவன், ஒப்பரேஷன் முடிந்து ஆறாவது வாரம் என்னிடம் வந்தான். வெட்டு அழகாக ஆறியிருந்தது. வடம் இறுக்கமாக இருந்தது. ஆனால் முழங்கால் நேராக வரவில்லை. கட்டிலில் படுக்க வைத்தால் முழங்காலுக்குக் கீழே என் முழுக் கையும் போய் வந்தது. விசாரித்தால், அம்மா பாசத்தில் முதல் நாளிலிருந்தே முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்திருக்கிறார். மடக்கி வைத்தால் இதமாக இருக்கும்தான். அந்த இதத்திலேயே மூட்டுக்குள் தழும்பு இறுகிவிட்டது. அதை நீட்ட எங்களுக்கு நாலு மாதம் போனது. முழுதாக நீண்டதா என்றால் இல்லை. கடைசியில் இன்னொரு முறை கமரா விட்டுத் தழும்பை வெட்ட வேண்டி வந்தது. வடம் நல்லாயிருந்தும் அவன் நொண்டி நடந்த காலம்தான் அதிகம்.

அதனால் தலையணையை வைப்பதென்றால் குதிக்காலுக்குக் கீழே வையுங்கள். ஒரு துவாயைச் சுருட்டிக் குதிக்காலுக்குக் கீழே வைத்து, முழங்கால் அந்தரத்தில் தொங்கித் தானாக இறங்க விடுங்கள். பத்துப் பத்து நிமிடமாக, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. நோகும்; நோக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் முழுதாக நீண்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. மடக்குவது பின்னால் வரும், அதற்கு அவ்வளவு பதற வேண்டாம்.

இரண்டாவது, தொடையின் முன்தசை. முழங்காலுக்குள் வீக்கம் இருந்தால் மூளை அந்தத் தசையை அணைத்து வைத்துவிடும். தம்பி சோம்பேறித்தனம் பண்ணுகிறார் என்று திட்டாதீர்கள். உண்மையிலேயே கட்டளை போய்ச் சேரவில்லை. காலை நீட்டி வைத்து, முழங்காலைக் கட்டிலுக்குள் அழுத்தி, சிரட்டை மேலே ஏறும்படி தசையை இறுக்கி ஐந்து வரை எண்ணுவது. பிறகு நேராகக் காலைத் தூக்குவது. தூக்கும்போது முழங்கால் கொஞ்சமும் மடங்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒப்பரேஷனுக்கு முன்னாலேயே, இன்றையிலிருந்தே பழக வேண்டும். வீங்கி இறுகிய முழங்காலில் அவசரப்பட்டு வெட்டினால் இறுக்கம்தான் மிஞ்சும். முழுதாக நீளுகிற, வீக்கம் வடிந்த, தசை விழித்திருக்கிற காலோடு உள்ளே போகிறவர் அதே நிலையை வெளியே வந்தும் சீக்கிரம் பிடித்துவிடுவார். நாலு முதல் ஆறு வாரம் என்று மேலே சொன்னதும் இதற்குத்தான்.

கால அட்டவணை பற்றிக் கேட்டால் உருப்படியாக இவ்வளவு சொல்லலாம். ஊன்றுகோல் இரண்டு முதல் நாலு வாரம். மெனிஸ்கஸ் தைத்திருந்தால் ஆறு வாரம்வரை போகலாம், ஆழமாக மடக்கவும் விடமாட்டார்கள். கதிரையில் இருந்து பார்க்கிற வேலைக்கு மூன்று நாலு வாரத்தில் திரும்பலாம். உங்கள் வீடு மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். லீவு எடுக்கும்போது படியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். குந்தி இருக்கிற மலசலகூடம் முதல் மூன்று மாதத்துக்குச் சரிவராது. கொமட் இல்லாவிட்டால் நடுவில் ஓட்டையுள்ள கதிரை வாங்கி வையுங்கள். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போடுங்கள். ஈர டைல்ஸில் ஊன்றுகோல் வழுக்கி விழுந்தவர்களை அதிகம் பார்த்திருக்கிறேன். சைக்கிள் மிதிப்பது ஐந்து ஆறு வாரத்தில். மெதுவாக ஓடுவது நாலாம் மாதத்தை ஒட்டி, அதுவும் தொடையின் பலத்தைப் பார்த்துத்தான். வெள்ளவத்தைக் கடற்கரை மணலில் நடந்தால் கால் பலப்படும் என்று யாரோ ஒருவர் கட்டாயம் சொல்வார்; முதல் மூன்று மாதம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மூன்றாம் மாதம்தான் எனக்குப் பயமான மாதம். வைத்த டென்டன் உடனே லிகமென்ட் ஆகிவிடாது. முதலில் அதன் உயிரணுக்கள் இறக்கின்றன, பிறகு புது இரத்தக் குழாய்கள் உள்ளே ஊருகின்றன, அப்புறம்தான் மெல்ல மெல்ல லிகமென்டாக மாறுகிறது. இதற்கு ஒரு வருடமும் அதற்கு மேலும் எடுக்கும். இந்த மாற்றத்தின் நடுவில், ஆறாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை, வடம் வைத்த நாளை விடப் பலவீனமாக இருக்கிறது. அதே காலத்தில்தான் நோவு போய், நடை திரும்பி, ஆளுக்குத் தைரியம் வருகிறது. ஒருவர் பத்தாம் வாரத்தில் கலியாண வீட்டில் ஆடினார். இன்னொருவர் மழைக்கு ஒதுங்க ஓடினார். இரண்டு பேருக்கும் திரும்ப முதலிலிருந்து.

திரும்ப விளையாடுவது பற்றி: உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் நூற்றுக்கு 81 பேர், பழைய மட்டத்துக்குத் திரும்பியவர்கள் 65 பேர், போட்டி மட்டத்துக்கு 55 பேர். 25 வயதுக்குட்பட்டு விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு மறுபடி ஏ.சி.எல். கிழிந்திருக்கிறது. அதே காலில் மட்டுமல்ல, மற்றக் காலிலும். இந்த எண்ணிக்கையைத் தம்பியிடம் மறைக்காதீர்கள். நோர்வேயில் பார்த்தவர்கள், ஒன்பது மாதம் வரை பின்போடுகிற ஒவ்வொரு மாதத்துக்கும் திரும்பக் காயப்படுவது பாதியளவு குறைவதைக் கண்டார்கள். ஆகவே ஒன்பது மாதத்துக்கு முன் புட்சல் இல்லை. ஒன்பது மாதம் ஆனதே அனுமதியும் அல்ல. நோகிற காலின் பலம் நல்ல காலின் பலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறாவது வர வேண்டும்; ஒற்றைக்காலில் பாய்ந்தால் இரண்டு காலும் கிட்டத்தட்ட ஒரே தூரம் போக வேண்டும். கலண்டரை மட்டும் பார்த்து "ஓகே, விளையாடலாம்" என்று யாராவது சொன்னால், அளந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

கொழும்பில் எங்கே செய்வது என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. தேசிய வைத்தியசாலை போன்ற அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை இலவசம். ஆனால் இப்படி அவசரமில்லாத ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைக்கக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினால் நட்டமில்லை. பொத்தான், ஸ்குரூ எல்லாம் அங்கே இருக்கிறதா, வெளியில் வாங்க வேண்டுமா என்பதை முதலே கேட்டு வையுங்கள். தனியாரில் என்றால், சொல்கிற தொகைக்குள் பொத்தானும் ஸ்குரூவும், மெனிஸ்கஸ் தையலும், பிறகு வரும் பிசியோதெரபியும் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். காசு முழுவதையும் ஒப்பரேஷனுக்கே செலவழித்துவிட்டு, பிசியோதெரபிக்கு இரண்டு தடவை மட்டும் வருகிற குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறெரியும். கிழமைக்கு மூன்று தடவை வர வசதியில்லாவிட்டால் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை வாருங்கள்; மிச்சத்தை வீட்டில் செய்யலாம். பாரம் தூக்கப் பெரிய ஜிம் தேவையில்லை. ஐந்து கிலோ அரிசிப் பையைப் புத்தகப்பைக்குள் போட்டு முதுகில் மாட்டி, கதிரையிலிருந்து எழும்பி இருக்கிற பயிற்சியில் தொடங்கி முன்னேறிய ஆட்கள் என்னிடம் உண்டு.

இன்னொன்று, சின்ன விஷயம் மாதிரித் தெரியும். வார்டில் விளக்கம் பெரும்பாலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் நடக்கும். அம்மாவைத் தனியே அனுப்பினால் தலையாட்டிவிட்டு வருவார். தலையணைக் கதை அப்படித்தான் நடந்தது, "குதிக்கால்" என்று சொன்னது அவருக்கு விளங்கவில்லை. மொழி தெரிந்த ஒருவர் கூடப் போய், பயிற்சித் தாளைத் தமிழில் எழுதிக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

இன்றைக்கு இரவே ஒன்று செய்து பாருங்கள். தம்பியைக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொல்லி, முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி கட்டில் விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்க விடுங்கள். காலைத் தளர்த்தி விட்டபின் பின்னால் நின்று இரண்டு குதிக்காலையும் பாருங்கள். நோகிற காலின் குதி உயரமாக நின்றால், எத்தனை சென்ரிமீற்றர் என்று அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். ஒரு சென்ரிமீற்றருக்குக் கிட்டத்தட்ட ஒரு பாகை நீட்டம் குறைவு என்று கணக்கு. அந்த எண்ணையும், காலை நேராகத் தூக்கும்போது முழங்கால் தொய்கிறதா என்பதையும் சொன்னால், எந்தப் பயிற்சியை எத்தனை தடவை என்று அடுத்ததில் எழுதுகிறேன்.